‘நோய்த்தடுப்பு’ இல்லை, ‘நோய்த்தணிப்பு’

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், தீராத நோயில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. குறை சொல்ல இதை எழுதவில்லை என்று ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். தலைப்பு உட்பட கட்டுரை முழுக்க, பேலியேட்டிவ் கேர் என்பதை ‘நோய்த்தடுப்புச் சிகிச்சை’ என்றே போட்டிருக்கிறீர்கள். ஏழு இடத்தில். எண்ணினேன். தடுப்பு என்றால் வராமல் தடுப்பது. குழந்தைக்குப் போடும் ஊசி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் நோய்த்தடுப்பு. வந்துவிட்ட நோய், இனி முழுதாகப் போகாது என்று தெரிந்துவிட்ட நோய், அது கொடுக்கும் வலியையும் அவஸ்தையையும் குறைப்பது தணிப்பு. ஒரே ஒரு சொல்தானே மாறியிருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு அந்த ஒரு சொல் நான்கு மாதம்.

என் அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. நாங்கள் போய்வந்த மருத்துவமனையில் ரேடியேஷன் கொடுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு கதவு, அதன் மேல் பலகை. ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது, படித்தேன், அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. கீழே தமிழில் ‘நோய்த்தடுப்புப் பிரிவு’. தடுப்பூசி போடுகிற அறை போல என்று நினைத்துக்கொண்டேன், வேறென்ன நினைப்பது? இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தள்ளிக்கொண்டு, வலியைக் குறைப்பதற்கென்றே இருந்த அறையின் வாசலைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே போனது கடைசிப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான். அதுவும் நானாகப் போகவில்லை, சிகிச்சை செய்துகொண்டிருந்த டாக்டர் “இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, அங்க போய்ப் பாருங்க” என்று கையைக் காட்டியதால் போனேன்.

அந்த ‘ஒன்றும் இல்லை’ எவ்வளவு பெரிய பொய் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று சொல்லவில்லை, கட்டியைக் கரைக்க ஒன்றும் இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். ஆனால் கேட்கிற எங்களுக்கு அது வாழ்க்கையே முடிந்துவிட்டது என்றுதான் விழுந்தது. அந்தக் கதவுக்கு உள்ளே போனால், செய்வதற்கு அவ்வளவு இருந்தது.

முதலில் மார்ஃபின், கடுமையான வலிக்குக் கொடுக்கிற மருந்து. இந்தப் பெயரைக் கேட்டதும் என் சித்தப்பா வீட்டில் ஒரு கூட்டத்தையே கூட்டிவிட்டார். அதைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மயக்கத்திலேயே கிடப்பார், மூச்சு நின்றுவிடும், அது ‘கடைசி மருந்து’, கொடுத்தால் முடிவை ஒத்துக்கொண்ட மாதிரி. அந்தப் பிரிவின் நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னார். வலி வந்த பிறகு ஓடிப்போய்க் கொடுக்கிற மருந்து இல்லை இது, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய் வழியாகக் கொடுப்பது, முந்தைய வேளை மருந்தின் வேலை முடிவதற்குள் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும், அப்போதுதான் வலி தலை தூக்காது. நடுவில் தூக்கினால் கொடுப்பதற்குத் தனியாக ஒரு அளவு. சின்ன அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள், அப்படிக் கூட்டும்போது மூச்சு அடங்கிப்போவது அபூர்வம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தூக்கமாக வரும், குமட்டும், பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று மலச்சிக்கல், அதனால் முதல் வேளை மார்ஃபினோடேயே மலமிளக்கியும் ஆரம்பித்துவிட வேண்டும், இதை மறந்தால் வலியை விட அது பெரிய பாடாகிவிடும். அடிமையாவது பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்னது இது. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். போதைக்காக மனசு ஏங்குவது வேறு. வலிக்காக, டாக்டர் பார்வையில், சரியான அளவில் எடுத்துக்கொள்கிற நோயாளிக்கு இரண்டாவது வருவது குறைவு. சித்தப்பா அதற்கும், “இருந்தாலும்...” என்றார். அப்பா மூன்றாம் நாள் ராத்திரி ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கிய பிறகுதான் சித்தப்பாவின் ‘இருந்தாலும்’ நின்றது.

மார்ஃபின் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பு நசுங்கி வருகிற, சுரீர் சுரீரென்று மின்சாரம் போல ஓடுகிற வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாது. அதற்கு வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் சிலவற்றைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு உறவினர் ஒருவர் அப்பாவுக்கு மனநோய் என்று நான்கு பேரிடம் சொல்லி வைத்தது தனிக் கதை. எலும்பில் பரவிய இடத்து வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் ரேடியேஷனே பலருக்கு நிம்மதி தரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கிவிடும், அவர்களுக்கு வேறு மருந்து. இதெல்லாம் ஒரு படிப்பு. ஏதோ கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லும் வேலை என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

இந்தப் படிப்புக்கு வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. நர்ஸாக ஆரம்பித்தார், முதுகு வலியால் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை, மருத்துவமனை சமூகப் பணியாளர் ஆனார். போலந்தின் வார்சாவிலிருந்து வந்திருந்த டேவிட் டாஸ்மா என்ற புற்றுநோயாளியை 1948ல் கவனித்துக்கொண்டார். நாற்பது வயது, லண்டனில் அவருக்கு அண்ட யாரும் இல்லை. சாகிறவர்களுக்கு எப்படிப்பட்ட ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசியே அந்த யோசனை வளர்ந்தது. டாஸ்மா இறக்கும்போது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுப்போனார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. ஜன்னல் கிடைத்துவிட்டது, அதைச் சுற்றிக் கட்டடம் எழும்பப் பத்தொன்பது வருடம் ஆனது. நடுவில், நர்ஸ் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று புரிந்து சாண்டர்ஸ் மருத்துவம் படிக்கப் போய், 1957ல் டாக்டராக வெளியே வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ. 1967ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தது, சாகிறவர்களைக் கவனித்துக்கொள்கிற இல்லம். 2005ல் அவர் இறந்ததும் அங்கேயேதான்.

ஹாஸ்பிஸ் என்ற சொல்லே முன்பு வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைக் குறித்தது. ஆனால் 1970களில் கனடாவில், பிரெஞ்சு பேசும் மான்ட்ரியாலில், பால்ஃபோர் மவுன்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இதே மாதிரிப் பிரிவை ஆரம்பிக்க நினைத்தபோது அந்தப் பெயர் ஒத்துவரவில்லை. பிரெஞ்சில் அது ஆதரவற்றோரைக் கொண்டுபோய் விடுகிற இடம் என்று காதில் விழும். யார் வருவார்கள்? அதனால் அவர் வேறு சொல் தேடினார். லத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்துகிற அங்கி. அதிலிருந்து வந்ததுதான் பேலியேட்டிவ். குளிருக்குப் போர்த்திவிடுகிற மாதிரி. பாருங்கள், அவருக்கும் பெயர்தான் பிரச்சினையாக இருந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் பெயர் சரியில்லை என்று உட்கார்ந்து யோசித்துப் புதுப் பெயர் வைத்திருக்கிறார், நாம் அதைத் தூக்கித் தடுப்பூசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

தணிப்புச் சிகிச்சையும் ஹாஸ்பிஸும் ஒன்றா என்று உங்கள் கட்டுரையைப் படித்த யாருக்கும் சந்தேகம் வரும். தணிப்புச் சிகிச்சை பெரியது, ஹாஸ்பிஸ் அதற்குள் இருக்கும் ஒரு பகுதி. நோய் தெரிந்த நாளிலிருந்தே, கீமோவும் மற்ற சிகிச்சையும் ஒரு பக்கம் நடக்கும்போதே, தணிப்புச் சிகிச்சை கூடவே நடக்கலாம். நோயை எதிர்த்துச் செய்யும் சிகிச்சையால் இனி நன்மையை விடத் துன்பம் அதிகம் என்று ஆகி, நோயாளியும் அதை நிறுத்திக்கொள்ளத் தீர்மானித்து, கடைசி மாதங்களை நிம்மதியாகக் கழிக்கக் கிடைக்கும் கவனிப்பு ஹாஸ்பிஸ். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இதற்கு ஆறு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு, நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். அந்தக் கணக்கு அந்த நாட்டுக் காப்பீட்டுக்கு. ஹாஸ்பிஸ் என்றால் கட்டடம் என்றும் இல்லை, பல இடங்களில் நர்ஸும் டாக்டரும் வீட்டுக்கே வந்து பார்ப்பதற்கும் அதே பெயர்தான்.

கடைசியில்தான் கூப்பிட வேண்டும் என்கிற நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு 2010ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. அப்பாவுக்கு வந்தது போலவே பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும். இரண்டாவது கூட்டத்துக்கு மனச்சோர்வு குறைவு, அன்றாட வாழ்க்கை மேல், கடைசி நாட்களில் உடம்பைப் போட்டு உலுக்குகிற சிகிச்சைகளும் குறைவு. இத்தனைக்கும் அவர்கள்தான் கூடுதல் நாள் இருந்தார்கள், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடியதாக வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், இது ஆயுளை நீட்டும் மருந்து என்று யாரும் விற்கக்கூடாது. ஆனால் ‘இதைச் சேர்த்தால் சீக்கிரம் போய்விடுவார்’ என்கிற பயத்துக்கு இடமில்லை. இந்த ஆய்வைப் பற்றி அப்பா போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டு, அந்தப் பலகையை எழுதியவர் யார் என்று நினைத்து நினைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு வந்த வலியில் எல்லாமே எலும்பிலிருந்து வரவில்லை. பகலில் ஓரளவு இருப்பார், ராத்திரி பத்து மணிக்கு மேல் மாத்திரை எதுவும் கேட்காது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்த நர்ஸ் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான்: பல வருடத்துக்கு முன்னால் நண்பர் ஒருவரிடம் வாய்வார்த்தையாகக் கடன் வாங்கியிருக்கிறார், பாதி திருப்பிக் கொடுத்தாயிற்று, மீதி இருக்கிறது, எழுத்தில் எதுவும் இல்லை. தான் போய்விட்டால் அந்த மனிதர் கேட்கவும் மாட்டார், எங்களுக்குத் தெரியவும் தெரியாது. இதை எங்களிடம் சொன்னால் ‘இப்ப எதுக்குப்பா அதெல்லாம்’ என்று சொல்லிவிடுவோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருப்போம்தான். நர்ஸ் ஒரு தாளில் பெயரும் தொகையும் எழுதி அவர் கையெழுத்து வாங்கி அவர் தலையணைக்கு அடியிலேயே வைத்தார். ராத்திரி மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள், கூட்ட வேண்டி வரவில்லை. சாண்டர்ஸ் இதைத்தான் ‘முழு வலி’ என்று சொன்னாராம். உடம்பு வலி, மனசு வலி, குடும்பம் பணம் சம்பந்தப்பட்ட வலி, நான் எதற்காக இருந்தேன் என்று உள்ளே குடைகிற வலி, நாலும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அதனால்தான் இந்தக் குழுவில் டாக்டரும் நர்ஸும் தவிர சமூகப் பணியாளரும் மனநல ஆலோசகரும் விருப்பம் இருந்தால் ஆன்மிகத் துணையும் இருக்கிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு, இவற்றைப் பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்கள். மூச்சு வாங்கும்போது கையில் பிடிக்கிற சின்ன ஃபேனைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேராகக் காட்டினால் மூச்சுத் திணறுகிற உணர்வு குறையும். முன்னால் ஒரு தலையணையைப் போட்டுக் கவிழ்ந்த மாதிரி சாய்ந்து உட்காரலாம். அதே மார்ஃபின், டாக்டர் சொல்கிற மிகக் குறைந்த அளவில், மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கிறார்கள். புற்றுப்புண்ணிலிருந்து வரும் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவச் சொல்வார்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் பேரன் பேத்தியைக் கூடக் கிட்டே சேர்க்காமல் தனி அறையில் கிடக்கிறார்கள். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும், இழுத்தால் தோல் உரியும். எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க அந்த நர்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. முன்னாடியே அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் அப்பாவின் முதுகில் வந்த படுக்கைப் புண்ணே வந்திருக்காது.

புற்றுநோய்க்கு மட்டும்தான் இது என்று உங்கள் கட்டுரையைப் படித்தவர் நினைத்துக்கொள்வார். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவர்கள், சிறுநீரகம், கல்லீரல், மறதி நோய், தசை ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய், பிறவிக் கோளாறோடு பிறந்த குழந்தைகள், எல்லோருக்கும் இது வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் ஓரளவு நன்றாக வைத்திருந்து கடைசியில் மளமளவென்று கீழே இறக்கிவிடும். இதய நோய் அப்படியில்லை, விழும், எழும், மறுபடி விழும், எந்த விழுகை கடைசி என்று யாருக்கும் தெரியாது. மறதி நோய் வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக. அதனால் எப்போது கூப்பிடுவது என்று தெரியாமல் முழிப்போம். இதற்கு மருத்துவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த நோயாளி அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா? இருக்காது என்று பதில் வந்தால் இப்போதே பேச ஆரம்பித்துவிடு. கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருக்கும், ஆனால் நேர்மையான கேள்வி.

என் அத்தைக்கு இதயம் பலவீனம். அப்பா விஷயத்தில் பட்டது போதும் என்று, அவருக்குத் தணிப்புச் சிகிச்சையை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கினேன். இதய டாக்டருக்கு முதலில் பிடிக்கவில்லை, “அவங்களுக்கு இன்னும் அந்த நிலைமை வரலையே” என்றார். வராததால்தான் கேட்கிறேன் என்றேன். தினம் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், உடனே போன் பண்ணினால் நீர் பிரியும் மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்வார்கள். நள்ளிரவில் மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு ஓடுவது அதனால் நிறையவே குறைந்தது. அவர் நெஞ்சுக்குள் துடிப்பு தவறினால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அது தேவையில்லாமல் திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுக்கலாம், அதனால் அதன் அதிர்ச்சி வேலையை மட்டும் எப்போது நிறுத்துவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே கேட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. அத்தை சாவகாசமாக, “எழுதிக்கோங்க, நான் எந்திரிக்க முடியாமப் போற அன்னைக்கு” என்றார். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார்.

அப்புறம் இந்த மறைக்கிற விவகாரம். ‘அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்.’ நாங்களும் சொன்னோம். அப்பாவுக்கு அல்சர் என்று கதை விட்டோம், கீமோ போட்டுத் தலைமுடி கொட்டுகிற அல்சர்! அவருக்கு முதல் மாதமே தெரியும். எங்களுக்குத் தாங்காது என்று அவர் தெரியாத மாதிரி நடித்தார், அவருக்குத் தாங்காது என்று நாங்கள் நடித்தோம், ஒரே வீட்டில் இரண்டு நாடகம். அந்தக் குழுவின் டாக்டர் எடுத்தவுடன் உண்மையைப் போட்டு உடைக்கவில்லை. “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல இவ்வளவு போதுமா?” என்று அவரிடமே கேட்டார். சிலர் போதும் என்பார்களாம், அதையும் மதிப்பார்களாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “சரி, அப்ப ஐ.சி.யூ வேண்டாம்” என்றார். அந்த ஒரு வரிக்காகவே அந்த டாக்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இல்லையென்றால் பயத்தில் நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்போம். முற்றிய நோயில் நெஞ்சை அமுக்கி இதயத்தை ஓட வைக்கும் முயற்சி பலிப்பது மிகக் குறைவு, விலா எலும்பு முறிவதுதான் மிச்சம், அதைச் சினிமாவில் காட்டுவதில்லை.

இதைக் கருணைக்கொலையோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு, சித்தப்பா உட்பட. தணிப்புச் சிகிச்சை மரணத்தை இழுத்து வருவதும் இல்லை, பிடித்துத் தள்ளிப் போடுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் சொல்கிறது.

கடைசி மூன்று நாள் அப்பா சாப்பிடவில்லை. அதுதான் வீட்டில் எல்லோரையும் போட்டு உலுக்கியது, பட்டினி போட்டுக் கொல்கிறோமே என்று அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சலைனாவது ஏற்றுங்கள் என்று நானே கெஞ்சினேன். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி தானாகவே நின்றுவிடும், சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னார். அந்த நேரத்தில் ஏற்றுகிற தண்ணீர் நுரையீரலிலும் காலிலும்தான் போய்த் தேங்கும், மூச்சை இன்னும் கஷ்டப்படுத்தும். அதற்குப் பதில் உதட்டையும் வாயையும் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள், காய்ந்த வாய்தான் அவருக்கு அவஸ்தை என்றார். அம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தோம். பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையில் கர்கர் என்று ஒரு சத்தம் வரும், விழுங்க முடியாத எச்சில் அங்கே நிற்பதால், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், கேட்கிற நமக்குத்தான் அது பெரிய துன்பம், அவருக்கு அவ்வளவு தெரியாது என்றார். மூச்சு நின்று நின்று வரும், கை கால் சில்லிடும், முட்டியில் நீலம் பாயும், எல்லாம் முன்கூட்டியே சொன்னார். சொன்னதால் பயம் போகவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது ஓடவில்லை, பக்கத்திலேயே இருந்தோம். அப்பா போய் ஒன்றரை மாதம் கழித்து அதே நர்ஸ் போன் பண்ணி, நான் தூங்குகிறேனா என்று கேட்டார். மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் பில் பாக்கி என்றுதான் நினைப்போம். இறந்தவர் வீட்டாரைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலையில் சேர்த்தியாம்.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு அறையில் இரண்டு கட்டிலைப் போட்டுவிட்டு ஹாஸ்பிஸ் என்று பெயர் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய டாக்டர்கள் சிலருக்குத் தணிப்புப் பிரிவு என்பது ‘என் வேலை முடிந்தது’ என்று கோப்பைத் தள்ளிவிடுகிற மேசை. எல்லாவற்றுக்கும் மேல், இது கிடைப்பதே அரிது: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது, கிடைப்பது அவர்களில் 14 சதவீதத்துக்குத்தான். மார்ஃபின் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் போதைப்பொருள் சட்டங்களின் கெடுபிடியால் பல நாடுகளில் தேவைப்படுகிறவர் கைக்கு வருவதில்லை. பணமும் ஆளும் சட்டமும் இல்லாததற்கு நான் உங்களுக்குக் கடிதம் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த 14 சதவீதத்துக்கு வெளியே நிற்கிறவர்களில் என்னைப் போலக் கதவுக்கு எதிரிலேயே நின்றவர்களும் இருப்பார்கள் இல்லையா?

அதனால் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை இதைப் பற்றி எழுதும்போது நோய்த்தணிப்பு என்று போடுங்கள். வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சை என்றும் சிலர் சொல்கிறார்கள், அதுவும் பரவாயில்லை. எதுவும் பிடிக்கவில்லையென்றால் பேலியேட்டிவ் கேர் என்று தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிடுங்கள், புரியாத சொல்லாக இருந்தால் யாராவது என்னவென்று கேட்டாவது பார்ப்பார்கள், தப்பாகப் புரிகிற சொல்லாக இருந்தால் கேட்கக்கூட மாட்டார்கள். அந்த வாடிய பூ, அணையப்போகிற மெழுகுவர்த்திப் படங்களும் வேண்டாம். திருத்தம் போடுவதாக இருந்தால், வழக்கம் போல உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடாமல், அதே மருத்துவப் பக்கத்தில், அந்தக் கட்டுரைத் தலைப்பு இருந்த இடத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல வருட வாசகி